சுத்தம் செய்த பாட்டு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர். நாள் முழுக்க இரும்புக் கூண்டின் தலையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். வாயிலிருந்து ஒரு சொல் விழாது. அப்படிப்பட்டவர் இளவயதில் பாடி, இசைத்தட்டே போட்டவர் என்றால் யார் நம்புவார்கள்?

வெல்டர்தான் கைபேசியை நீட்டினார். "அண்ணே, இந்த அட்டையில முடி வளர்த்துக்கிட்டு நிக்கிறது நீங்கதானே? ஊர் உலகமெல்லாம் கேக்குதாம். எங்ககிட்ட மூச்சே விடலையே."

"அப்ப முடி இருந்துச்சு" என்றார் சைலன்சர்.

நாட்டுப்பாட்டை எதிரொலியில் ஊறவைத்து, கிடாரைப் பின்னோக்கி ஓடவிட்டு, இரண்டு நண்பர்களோடு தன் ஒற்றை அறை வீட்டில் பதிந்தது அது. கிறங்கவைக்கும் 'சைகடெலிக்' இசை என்று இப்போது கொண்டாடுகிறார்கள். அன்று கடைக்காரர், "தலை சுத்துதுப்பா, எடுத்துட்டுப் போ" என்று திருப்பிக் கொடுத்தார். விற்காத தட்டுகள் கூரை ஒழுகி வீணாயின. நண்பர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனைவியும்.

கடைசிப் பாட்டில் அவர் ஓர் அடியை மறந்து உளற, மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். மறுபடி பதிய டேப் இல்லை. சிரிப்பும் தட்டில் ஏறியது. அவள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

வெல்டர் காட்டிய அன்று மாலை கதவைச் சாத்திவிட்டு அந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டார். கண்ணாடி மாதிரி தெளிவு. உளறல் வந்தது. சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

தட்டைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றியவரின் எண்ணை வெல்டர் தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

"சார், நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"மாசக்கணக்கா உக்காந்து சுத்தம் பண்ணினேன் சார். கீறல், இரைச்சல், யாரோ ஒரு பொம்பள சிரிக்கிறது, எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"யாரோ இல்ல தம்பி. என் வீட்டுக்காரி."

"எடுத்ததையெல்லாம் தனியா ஒரு கோப்புல வச்சிருக்கேன் சார். பாட்டோட சேர்த்துப் பழையபடி ஆக்கித் தரட்டுமா?"

"பாட்டு எனக்குத் தெரியும். எடுத்ததை மட்டும் அனுப்பு."

கோப்பு வந்தது. பாட்டே இல்லாத பாட்டு. இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, நடுநடுவே கீறல், பலகையில் கத்தி படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லாததற்கு அவள் சிரித்தாள்.

அவர் பின்னுக்கு ஓட்டினார். சிரிப்புக்குக் கொஞ்சம் முன்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அடியைத் தப்பாகவே பாடினார்.