பெருநாள் பிறையும் ஆறு மில்லிமீட்டரும்

டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிற ஆள் நான். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் கண்ணின் லட்சணம் தெரியும். ஆறாம் வகுப்பில் ஏறிய சோடாபுட்டி இன்னும் மூக்கை விட்டு இறங்கவில்லை. எனக்கு எதற்கு டெலஸ்கோப்?

எனக்கில்லை. ஷமீமுக்கு.

தேனாம்பேட்டை சிக்னல் தாண்டி, கேமராவும் பைனாகுலரும் விற்கிற ஒரு மாடிக் கடை. கவுன்டரில் இருந்தவர் ஆர்வமாக எழுந்தார்.

"யாருக்கு மேடம்? பேரனுக்கா?"

"ஃப்ரெண்டுக்கு."

"என்ன கிளாஸ் படிக்கிறாங்க?"

"ரிட்டயர் ஆயிட்டாங்க."

மனிதர் அதற்கப்புறம் கேள்வியே கேட்கவில்லை. ஸ்டூல் மேல் வைத்துப் பார்க்கிற மாதிரி குட்டையான ஒரு டெலஸ்கோப்பை எடுத்து வைத்தார். கூடவே இருபத்தைந்து மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று. ஐபீஸ் என்றால் நாம் கண் வைத்துப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. வேண்டியபடி கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதில் போட்டிருக்கிற எண் குறையக் குறைய, பொருள் பெரிதாகத் தெரியும். இருபத்தைந்து என்றால் சுமாராகப் பெரிதாக்கும். ஆறு என்றால் அள்ளிக்கொண்டு வந்து மூக்கடியில் வைக்கும்.

"இருக்கறதுலயே பெரிய பவர் எது?" என்றேன்.

ஆறு மில்லிமீட்டர் வந்தது. அதையும் இரண்டு மடங்காக்கும் பார்லோ என்றொரு துண்டு வந்தது. நிலா பார்க்கத்தான் என்றேனோ இல்லையோ, "அப்போ மூன் ஃபில்டர் போட்டுக்குங்க மேடம், நிலா வெளிச்சத்துல கண் கூசாது" என்று பச்சையாக ஒரு கண்ணாடி வில்லையும் வந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியோடு வந்த இருபத்தைந்தை மட்டும் பையின் அடியில் தள்ளினேன். ஓசியில் வந்த சாமான் என்றாலே நமக்கு ஓர் இளக்காரம்தானே?

என் கணக்கு எளிமையானது. கண் மங்கினால் கண்ணாடிக் கடையில் பவரை ஏற்றுவார்கள். ஷமீமுக்குக் கண் ரொம்ப மங்கிவிட்டது. அப்படியானால், ரொம்பப் பெரிய பவர்!

இனி ஷமீமைப் பற்றி.

மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற இடத்தில் ஒரு காம்பவுண்ட். அவர்கள் குடும்பம் கீழே, நாங்கள் மேலே. அவளுடைய அத்தாவுக்குப் பாண்டி பஜாரில் லேஸ், பட்டன் கடை. பொதுவாக இருந்த மொட்டைமாடிதான் எங்கள் இரண்டு பேருக்கும் உலகம். வடாம் காய்ந்தது, பாவாடைகள் காய்ந்தன, நாங்களும் அங்கேயேதான் காய்ந்தோம்.

நோன்பு முடியப்போகிற சாயங்காலம் மாடியில் கூட்டம் கூடிவிடும். பெருநாள் பிறை பார்க்க. அத்தா பார்ப்பார், சித்தப்பாக்கள் பார்ப்பார்கள், எதிர்வீட்டு மாடியிலும் ஆட்கள் நிற்பார்கள். ஆனால் முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் ஷமீம். அப்படியொரு கண் அவளுக்கு. வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு கீற்று, இன்னும் இருட்டாத வானத்தில் இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். "அதோ!" என்று அவள் கத்தினால் அந்தத் தெருவுக்கே பெருநாள்.

என் அம்மா அவளைச் சும்மா விட்டதில்லை. மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது என்று அம்மாவுக்கு நம்பிக்கை. மாதா மாதம், "ஷமீமைக் கூப்பிடு, நமக்கும் பிறையைக் காட்டிட்டுப் போகட்டும்" என்பாள். காட்டியதும் கையில் இரண்டு முறுக்கு. இரண்டு வீட்டுக்கும் நிலாவைப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

எனக்குக் காட்டுவதுதான் பெரிய பாடு. சோடாபுட்டிக்கு எங்கே தெரியும்? அவள் என் பின்னால் வந்து நிற்பாள். மோவாயை என் தோளில் வைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, கையை என் முகத்தை உரசிக்கொண்டு நீட்டுவாள்.

"அந்த ஆன்டெனா தெரியுதா? அதோட மேல் கம்பி? அங்கேர்ந்து ரெண்டு விரக்கடை மேல போ. போதும் போதும், நில்லு! இப்ப கொஞ்சம் ரைட்டு..."

அவளுடைய விரல் நுனியிலிருந்து என் பார்வை கிளம்பிப் போய் நிலாவில் முட்டும். அந்த நொடி எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றுவரை வேறெதுவும் தரவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்த ஷமீமின் கண்ணில்தான் இப்போது பிரஷர். சத்தமில்லாமல் வந்து பக்கப் பார்வையைத் தின்றுவிட்டது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் உட்கார்ந்தால் என் முகம் தெரிகிறது. பக்கத்தில் வைத்த டம்ளர் தெரியவில்லை, தட்டிவிடுகிறாள். சில வருஷங்களாக அவளுக்குப் பிறை என்றால் டி.வி.யில் வரும் அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் வரும் படமும்தான்.

நோன்பின் நடுவில் ஒருநாள் போனில் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு தடவை என் கண்ணால பாக்கணும்டி வசு. அப்புறம் எப்படி ஆகுமோ..."

அதற்குத்தான் டெலஸ்கோப்.

பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம். ஷமீம் மகள் வீட்டில் இருக்கிறாள், அடையாறில். மாடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு என் பீரங்கியை நிறுத்தினேன். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சாதனம் ஒன்றும் கூடவே வந்திருந்தது. பகலிலேயே ஏதாவது தூரத்துக் கட்டடத்தைப் பார்த்து அதைச் சரிசெய்து வைக்க வேண்டுமாம். செய்தேனா? ம்ஹூம். சூரியன் முழுசாக மறைகிற வரை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தேன்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ஷமீம் ஓரமாகப் பாய் விரித்துத் தொழுதாள். நான் மேற்கே, கிண்டிப் பக்கம் குழாயைத் திருப்பிவிட்டு வானத்தைத் துழாவ ஆரம்பித்தேன்.

ஆறு மில்லிமீட்டர். பார்லோ. பச்சை வில்லை. சர்வ அலங்காரத்துடன்.

ஒன்றும் தெரியவில்லை. மங்கலாக, பச்சையாக, பாசி பிடித்த தொட்டிக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு மயிரிழை அசைத்தால் வானம் எங்கோ ஓடியது. திடீரென்று பளிச்சென்று ஏதோ வந்தது... "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம்.

தொழுது முடித்த ஷமீம் பக்கத்தில் வந்து நின்றாள். மேற்கே சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. பிறை நமக்காகக் காத்திருக்குமா? கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்கிப் போய்விடும். இதைத் தவறவிட்டால்? அடுத்த வருஷம் அவள் கண்ணில் என்ன மிச்சமிருக்கும்?

"சே! இத்துனூண்டு ஓட்டை வழியா இவ்ளோ பெரிய வானத்துல எங்கேன்னு தேடறது!" என்று எரிந்து விழுந்தேன்.

ஷமீம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு தெனமும் இப்படித்தாண்டி."

ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன்.

அவளுக்குப் பெரிதாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. எதிரில் இருப்பது அவளுக்குத் தெளிவாகவே தெரிகிறது. அவளுக்கு இல்லாமல் போனது அகலம். நானோ தேடிப் பிடித்து, இருப்பதிலேயே குறுகலான ஓட்டையை வாங்கி வந்திருக்கிறேன். பெரிதாக்க ஆக்க, வானம் சின்னதாகிவிடும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பச்சை வில்லையைப் பிடுங்கினேன். அது முழுநிலாவைப் பார்த்தால் வரும் கண்கூச்சத்தைக் குறைக்கிற சமாசாரம். இருக்கிறதா என்றே தெரியாத பிறைக்கு அதைப் போட்ட என் புத்தியை என்ன சொல்ல? பார்லோவைக் கழற்றினேன். ஆறைக் கழற்றினேன். பையின் அடியில் கிடந்த ஓசி இருபத்தைந்தை எடுத்து மாட்டினேன்.

அப்பாடா! வானம் அகன்று திறந்தது. மெதுவாக இடமிருந்து வலம், கொஞ்சம் இறக்கி வலமிருந்து இடம்... வந்துவிட்டது. மெல்லிசாக, வெள்ளையாக, நடுங்கிக்கொண்டு.

"ஷமீம், வா வா, சீக்கிரம்!"

தோளைப் பிடித்துக் குனிய வைத்தேன். கண்ணை ஐபீஸில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், அடையாறுக்கு வந்த பிறகு அவள் வாயிலிருந்து போயே போய்விட்ட எங்கள் பழைய காம்பவுண்டு மெட்ராஸ் தமிழ் குபீரென்று வந்தது.

"இன்னாடி இது, பிறை கவுந்துகினு கீது!"

இந்த ரக டெலஸ்கோப் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். நம் ஊர் வானத்தில் தொட்டில் மாதிரி மல்லாந்து கிடக்கும் பிறை, உள்ளே புருவம் மாதிரி கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"பாத்துட்டேன். ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது குழாய்க்குள்ள இருக்குதுடி. எனக்கு வானத்துல காட்டு."

குழாய் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். கீழ்வானம் நன்றாகவே மங்கியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மரங்களுக்குக் கொஞ்சம் மேலே, அதோ... வெறும் கண்ணுக்கே. எனக்கே!

அவள் பின்னால் போய் நின்றேன். மோவாயைத் தோளில் வைத்தேன். கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கையை நீட்டினேன்.

"செல்போன் டவர் தெரியுதா?"

"தெரியல."

"என் கையைப் பிடிச்சுட்டே போ. விரல் நுனி தெரியுதா? அங்க ஒரு சிவப்பு லைட்."

"ம்... லைட் இருக்கு."

"அதான் டவர். அங்கேர்ந்து ரெண்டு விரக்கடை மேல போ. மெதுவா. தாண்டிட்டியா? திரும்ப லைட்டுக்கு வா. இப்ப நேர் மேல..."

எத்தனை தடவை லைட்டுக்குத் திரும்பி வந்தோம் என்று தெரியாது. பிறை மரத்தைத் தொடுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. என் கை வலித்தது. இறக்கவில்லை. அவள் என்னை அப்படிப் பாதியில் விட்டதில்லையே!

திடீரென்று என் கன்னத்தில் அவள் கன்னம் விரிவது தெரிந்தது. அப்புறம்தான் குரல் வந்தது.

"அதோ!"

கத்தவில்லை. மூச்சு மாதிரி சொன்னாள். இரண்டு கையையும் ஏந்தினாள். அவள் துஆ கேட்டு முடிக்கிற வரைக்கும் நீட்டிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன். கண்ணாடி முழுக்க ஈரம். பிறை எனக்கு மறுபடி தெரியாமல் போயிற்று. போகட்டும்.

மகள் படியேறி ஓடி வந்தாள். "அம்மா, பிறை பாத்தாச்சாம்! டி.வி.ல சொல்லிட்டாங்க."

"நாங்களும் பாத்தாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள் ஷமீம், அந்தப் பழைய மிடுக்கோடு.

டெலஸ்கோப் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் சொல்கிறேன். பெட்டியோடு வருகிற பெரிய எண் ஐபீஸை இளக்காரம் செய்யாதீர்கள். சிவப்புப் புள்ளியைப் பகலிலேயே சரிசெய்து வையுங்கள். மற்ற சாமான்கள் எல்லாம் அப்புறம். என்னிடம் ஓர் ஆறு மில்லிமீட்டரும் பார்லோவும் பச்சை வில்லையும் புத்தம் புதிதாக இருக்கின்றன. வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்.

மறுநாள் மதியம் மந்தைவெளியில் என் வீட்டுக்குப் பிரியாணி டப்பா வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஷமீமின் வாய்ஸ் மெசேஜ்.

"அடுத்த வருஷம் அந்தக் குழாயெல்லாம் வேணாம்டி. கையை மட்டும் எடுத்துட்டு வா."