குமரவேல் ஏன் வாசிக்கவில்லை

ஈப்போவில் தேநீர்க் கடை என்றால் நாற்காலி இருக்கும். நாற்காலி போதாவிட்டால் யாராவது எழுந்து போகும்வரை காத்திருப்போம். பூந்தமல்லியில் நான் சாயங்காலம் போகிற இடத்தில் உட்காருவதற்கு ஸ்பீக்கர் பெட்டிகள்தான். மொத்தம் ஏழு. அது தேநீர்க் கடையும் அல்ல, ஜாபர் பாயின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர் வாடகைக்குப் போகும். இனி எங்கும் போகாத பழைய பெட்டிகள் ஏழும் வாசலில் கிடக்கும். டீ பக்கத்துக் கடையிலிருந்து விரல் உயரக் கிளாஸில் வரும். நம் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ ஒரு குவளையை இங்கே மூன்று பேருக்குப் பங்கு வைக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்று தெரியாமல், முதல் நாள் நடுவில் இருந்த பெரிய பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். என் வயதுக்காரர் ஒருவர் வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணாத்தே, அது என் எடம். நீ குந்திக்கோ, பரவால்ல. ஆனா அதுல குந்தினா குமரவேல் கட்சி. ஒத்துக்கிறியா?"

அரசியல் பேசுகிறார்கள், வெளிநாட்டுக்காரன் வாயைக் கொடுக்கக் கூடாது என்று பயந்து, எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை என்று சொன்னேன். கடையே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் மலேசியா.

குமரவேல் ஒரு கிட்டார்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஐந்து பேர், இளைஞர்களாக இருந்தபோது ஆரம்பித்த ராக் குழுவில் வாசித்தவர். குழுவின் பெயர் 'மூணாவது ஷிப்ட்'. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, பஸ் இல்லாத நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் பாடிப் பழகியதால் அந்தப் பெயராம். பாடுகிறவர் சார்லஸ். இரும்பைத் தேய்க்கிற மாதிரிக் குரல். இன்றைக்கு ஐந்து பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆனால் குழு ஓய்வு பெறவில்லை, ரசிகர்களும் பெறவில்லை. பெரிய பெட்டிக்காரர் தேவராஜ், குமரவேலுக்குப் பக்கத்து லேத் இயந்திரத்தில் நின்றவர். ஜாபர் பாய் சார்லஸ் கட்சி. இருவருக்கும் நடுவில் நிர்மலா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்; அலுவலகம் விட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு சண்டையை முடித்துவிட்டுப் போவார். குழுவுக்கே பணம் ஒன்றுதான் குறி என்பது அவருடைய கட்சி. "வீட்டுக் கடன் இருக்குல்லா, அதான் திரும்பத் திரும்ப வாராங்க" என்பார். ஆனால் ஒரு கச்சேரியையும் விடமாட்டார்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். மனைவி போன பிறகு ஈப்போ வீட்டில் மூன்று அறைகளும் ஒரு ஆளுமாக இருந்தேன். மகளைக் கட்டிக் கொடுத்தது பூந்தமல்லியில். வந்துவிடுங்கள் அப்பா என்றாள், வந்துவிட்டேன். இப்போது பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்தில் நான்காவது மாடி. ஜன்னலிலிருந்து எண்ணினால் கட்டி முடியாத கட்டடம் ஆறு, எருமை பதினொன்று. கீழே இருக்கிற காவலாளி முதல் வாரமே என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். ஈப்போ என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்றார். என் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஈப்போவில் இருந்தபோதும் இதே கேள்வியை வேறு மொழியில் கேட்டார்கள். புலம்பெயர்ந்த உங்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரியும். ஜாபர் பாய் மட்டும் அதைக் கேட்கவில்லை. ஈப்போவிலிருந்து கொண்டுவந்த கேசட் பிளேயரைப் பழுது பார்க்கத்தான் அவரிடம் போனேன். அவர் அதைச் சரிசெய்து, உள்ளே இருந்த மலாய் ராக் பாட்டு ஒன்றை முழுதாகக் கேட்டார். "பாஷ புரியல சார். ஆனா பாடறவருக்கும் டிரம்மருக்கும் பேச்சுவார்த்த இல்ல, அது தெரியிது" என்றார். அது உண்மை. அந்தக் குழுவில் அந்த இருவரும் அப்போது பேசிக்கொள்ளவில்லை என்று ஈப்போவில் நாங்கள் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். மறுநாள் சாயங்காலம் நானாகவே மறுபடி அங்கே போனேன்.

ஈப்போவில் எங்கள் கூட்டம் ஐந்து பேர். மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் நடத்தும் தேநீர்க் கடையில், ஒரு மேசை, ஐந்து குவளை. அந்த மலாய்க் குழுவைப் பற்றி இருபது வயதில் தொடங்கிய சண்டை. எந்தச் சண்டையும் எங்களைப் பிரிக்கவில்லை. ஒரு நாள் குழு கலைந்தது. எல்லோரும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தோம்: இனி அவர்களிடம் பாட்டு இல்லை. அந்த வாரம் நான்கு குவளை. அப்புறம் மூன்று. கடைசியில் நானும் சிவாவும் மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒத்த கருத்து ஒரு மேசையைக் காலி செய்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இங்கே சண்டைக்கு மூலம் ஒரு ஆயுத பூஜை. நம் ஊரில் சரஸ்வதி பூஜை என்று வீட்டுக்குள் முடிந்துவிடுவது அம்பத்தூரில் திருவிழா. ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். சாயங்காலம் ஷெட்டில் கச்சேரி. பல வருடங்களுக்கு முன்னால் அப்படியொரு நாளில், தங்கள் தொழிற்சாலையிலேயே, 'மூணாவது ஷிப்ட்' மேடை ஏறியது. அவரவர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். குமரவேல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ அவருடைய கிட்டாரைக் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் சாய்த்தார்கள். அவர் தொடவில்லை. இரண்டு பாட்டு அப்படியே போயிற்று. சார்லஸ் மைக்கில், நம்ம கிட்டார் சாருக்கு இன்னிக்கு நம்மள புடிக்கல என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. குமரவேல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர்களோடு வாசிக்கவே இல்லை. ஆவடியைத் தாண்டி எங்கோ இருக்கிறார், போன் எடுப்பதில்லை.

ஏன் வாசிக்கவில்லை? குடித்திருந்தார் என்று ஒரு காலத்தில் ஜாபர் பாய் சொல்லி, தேவராஜ் ஒரு மாதம் கடைக்கு வரவில்லையாம். குமரவேல் தனியாக வாசிக்கும் சோலோவை சார்லஸ் வெட்டினார் என்பது தேவராஜின் வாதம். சம்பளப் பங்கில் தகராறு என்பது நிர்மலா. நான் ஒரு மழைநாளில் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஒன்பது காரணங்கள். ஆனாலும் எந்தக் கச்சேரிக்கும் தேவராஜும் பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான்.

இந்த வருடம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. எஸ்டேட்டில் மறுபடி ஆயுத பூஜைக் கச்சேரி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் நான்கு முகம். குமரவேல் இல்லை. தேவராஜ் அதைப் பார்த்துவிட்டு வந்து பெட்டியில் உட்காரவே இல்லை.

"நான் வர்ல பாய். அதே நாளு, அதே எடம், அவன் இல்லாம. நீ போய் கை தட்டிகினு வா. அதுக்கப்புறம் என்னாண்ட பேசாத."

"போனா இன்னா நைனா, பாட்டுக் கேக்கத்தான போறேன்."

"பாட்டு கேக்கப் போவல. அவமானத்த வேடிக்க பாக்கப் போற."

அவர் போய்விட்டார். மறுநாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நடுப் பெட்டியில் யாரும் உட்காரவில்லை. பாய் வாடகைக்காரர்களிடம் எரிந்து விழுந்தார். நிர்மலா வண்டியை நிறுத்தாமல் போனார். எனக்கு இந்த நாட்டில் சாயங்காலம் என்று இருப்பது அந்த ஏழு பெட்டிகள் மட்டும்தான். நான்காவது மாடி ஜன்னலில் எருமைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அன்று சிவா ஈப்போவிலிருந்து போனில் பேசினான். நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கிட்டாரைக் கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்த இடத்தில் நின்றுவிட்டேன். பாயின் கடைச் சுவரில் குழுவின் சின்னம் ஒட்டியிருக்கும். நிர்மலாவின் டி-ஷர்ட்டிலும் உண்டு, கச்சேரியில் பாதிப் பேர் நெஞ்சில் உண்டு: நெற்றி மாதிரி மூன்று சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் வைத்த கிட்டார். குமரவேல் வாசிக்காத அந்த ஆயுத பூஜையன்று யாரோ எடுத்த படத்திலிருந்து வரைந்தது. நான் அதைச் சொன்னதும் சிவா மெதுவாக, "டேய், என் கிட்டார் லா" என்றான்.

எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட இசைப் போட்டி சரஸ்வதி பூஜையன்று வந்தது. சிவாவின் அம்மா கிட்டாரைப் புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டார். மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்கவேண்டும். சிவா மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்கள் பள்ளிக் குழு தோற்றது. ஊரைவிட்டு வந்தவர்கள் எதையும் தளர்த்துவதில்லை; அவன் அம்மா அணுவளவும் தளர்த்தவில்லை. இங்கே காலையில் பூஜை முடிந்தால் மதியமே இயந்திரத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே யாருக்கும் தோன்றவில்லை. தொழிற்சாலையில் எல்லோருடைய வாத்தியமும் அன்று காலை லேத்துகளோடு பூஜையில் இருந்திருக்கும். மற்றவர்கள் எடுத்தார்கள். ஒருவர் எடுக்கவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய கவலை. சொன்னால் காரணங்கள் ஒன்பதும் போய்விடும். மாமாக் கடை மேசை கண்ணில் வந்தது. சொல்லாவிட்டால் நடுப் பெட்டி காலியாகவே இருக்கும். தேவராஜின் வீட்டை விசாரித்துக்கொண்டு போய், பாய் டீ ஆறுகிறது என்கிறார் என்று பொய் சொல்லி அழைத்துவந்தேன். நிர்மலாவும் இருந்தார். சிவாவின் கிட்டார் கதையைச் சொல்லி, சுவரில் இருந்த சின்னத்தைக் காட்டினேன்.

நிர்மலா தன் டி-ஷர்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஜாபர் பாய் உள்ளே போய் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"எங்கடைல மணி வேல செய்றான். ஆயுத பூஜையன்னிக்கு ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டு வெச்சிருவான். மறுநா வரைக்கும் தொடவுட மாட்டான். அவன் ஆசப்பட்டான்னு அன்னிக்கு நான் எந்த ஆர்டரும் எடுக்கறதில்ல. அதனாலதான் அன்னிக்குக் கச்சேரிக்கு நான் சும்மா போய் குந்துனேன். என் ஆம்ப்ளிஃபையரு லீவுல இருந்துச்சி, அவரு கிட்டாரும் லீவுல கீதுன்னு எனக்குத் தோணல பாரேன்."

காரணம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. முடிந்தது, நாளைக்கு ஆறு பெட்டி, அடுத்த வாரம் ஐந்து என்று என் மனம் கணக்குப் போட்டது. அப்போது தேவராஜ் தன் பெட்டியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பக்கத்து லேத்துல நின்னவன் நானு. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? இவ்ளோ வருசமா அவனுக்காக உன்னாண்ட மல்லுக்கு நின்னுகினு கீறேன். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா? சார்லஸு பாவம், அவன் கிறிஸ்டியனு, அவனுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதா?" ஜாபர் பாய் குரலை உயர்த்தினார். "ஒரு பாயி எனக்குத் தெரியிது, கூட ஒண்ணா வேல செஞ்சவனுக்குத் தெரியாதா? மைக்ல சொன்னான் பாரு, அது வேணும்னே சொன்னது."

"ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்களே" என்று நிர்மலா ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். "மறுநாள் விஜயதசமி. அன்னைக்காவது எடுத்திருக்கலாம்லா. ஏன் வரல? அங்கதான் துட்டு விஷயம் இருக்கு, நான் சொல்லுதேன்."

பக்கத்துக் கடைக்கு நான்கு டீ சொன்னேன்.

கச்சேரிக்கு நால்வரும் போனோம். தேவராஜ் வந்தது சார்லஸை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவாம். ஷெட்டுக்கு முன்னால் மாலை வெயில் இன்னும் இருந்தது; மேடையின் இரண்டு பக்கமும் எட்டு எட்டாக ஸ்பீக்கர். வெளி ஆள் போட்ட ஒலி என்பதால் பாய் ஒவ்வொரு பாட்டுக்கும் முகம் சுளித்தார். சிவா தானும் கேட்கவேண்டும் என்றான், போனை இடது காதில் வைத்துக்கொண்டேன். ஈப்போவில் அப்போது இருட்டிவிட்டிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் சார்லஸ் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து மேடை ஓரத்தில் போட்டார். அதில் ஒரு கிட்டாரைச் சாய்த்தார். பொட்டு வைத்த கிட்டார். சோலோ வரவேண்டிய இடத்தில் டிரம் மட்டும் ஒலித்தது. அந்த இடைவெளியில் யாரோ பின்னாலிருந்து கிட்டார் ஓசையை வாயால் பாட ஆரம்பித்தார்கள். பிறகு நூறு பேர், பிறகு என்னால் எண்ண முடியவில்லை. தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுரம் விடாமல் பாடினார்.

முடிந்ததும், அந்த நாற்காலி வெறும் வியாபாரம் என்றார் பாய். வியாபாரத்துக்கு எவனாவது சோலோவைக் காலியாக விடுவானா என்றார் தேவராஜ். இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா மலேசியா, நீ எந்தப் பக்கம்?"

ஷெட்டில் கைதட்டல் ஓய்ந்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். என் இடது காதில், போனில், ஈப்போவின் மழைச் சத்தம். அதற்குள், அங்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்த பாட்டுக்கு, ஒரே ஒரு ஆள் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தான்.