மணிச் சத்தம் வராத வெள்ளிக்கிழம

போன மார்கழியில ஒரு வெள்ளிக்கிழம காலையில எங்கம்மா செத்துப்போச்சுன்னு நெனச்சேங்க. இன்னும் அத சொல்ல வந்தா எனக்கு வாய் கோணிக்கிது.

நான் ரவி. ஹட்டன்ல ஓட்டோ ஓட்டுறேன். நம்ம மாரியம்மன் கோயில்ல என்னைய தெரியாதவங்க இல்ல. கரகம் ஆடுறவரு பின்னால நின்னு அவரு மாதிரியே ஆடிக் காட்டி, அவரு கையாலயே அடி வாங்கினவன். பூசாரி மாமா இத இங்க உங்க முன்னால சொல்லச் சொன்னப்ப, எனக்கு நக்கல் பண்ணத்தான மாமா தெரியும்னேன். நடந்தத நடந்த மாதிரி சொல்லுடா, போதும்னாரு.

பெருமழையில தேயிலத் தோட்டத்துல நம்ம லயத்து வீடுங்களுக்குப் பின்னால மேடு வெடிச்சது உங்களுக்கே தெரியும். எப்ப மண்ணு சரியுமோ, இனி அங்க இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் டவுன்ல ஒரு மாடி வீட்ட வாடகைக்கு எடுத்தேன். மூணாவது மாடி. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். ஜன்னல சாத்திட்டா ஒரு பொட்டு காத்து உள்ள வராது. எனக்கு அதுல அம்புட்டு பெரும.

அம்மாவுக்கு அறுவது தாண்டிருச்சு. பொறந்தது லயம், வாக்கப்பட்டு வந்தது லயம், எங்கப்பாவ தூக்கிக்கிட்டுப் போனதும் அதே லயத்து வாசல்ல இருந்துதான். கொழுந்து எடுத்த காலுக்கு டைல்ஸ் ஒத்துக்கல. ராவுல பக்கத்து வீட்டுல யாரும் இருமுற சத்தம் கேக்கலடா, எப்பிடி தூங்குறதுன்னு கேட்டிச்சு. நான் இருமுறேன், நீ தூங்கும்மான்னு சொல்லி, விடியிற வரைக்கும் இருமிக் காட்டினேன். வெளக்குமாத்தால ஒண்ணு வச்சிச்சு.

ஆனா ஒண்ண மட்டும் அம்மா விடல. வெள்ளிக்கிழம காலையில குளிச்சு, சாமி படத்துக்கு வெளக்கு வச்சு, மணி அடிச்சு, சாம்பிராணி போடணும். மணின்னா சின்ன மணி இல்ல. லயத்துல பத்து வீட்டுக்கும் கேக்குற மணி. இங்க அடிச்சா மூணு மாடியும் ஏறி வந்து நம்மள கீழ தள்ளிருவாங்கம்மான்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. ஒருநா மணி நாக்குல என் பழைய காலுறைய கட்டி வச்சேன். அம்மா அத அவுத்து என் மூஞ்சியிலயே வீசிட்டு, மொதல்லவிட ஓங்கி அடிச்சிச்சு.

எங்களுக்குக் கீழ் வீட்டுல குசும் அக்கா இருக்காங்க. சிங்களவங்க. படியில பாத்தா சிரிக்க மாட்டாங்க. மணிச் சத்தத்துலதான் கோவமா இருக்காங்கன்னு நாங்க நெனச்சோம். அவங்க வந்தா அம்மா தலைய குனிஞ்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கிரும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மொத நா அம்மா ரொம்ப அழுதிச்சு. இந்த கூண்டுல கெடக்குறதுக்கு அந்த மண்ணே என்னைய மூடியிருக்கலாம்னு சொல்லிச்சு. நான் வழக்கம்போல, சரி, மண்ணு வெட்டிய எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். அம்மா சிரிக்கல.

காலையில சரியான குளுரு, மழை வேற. டிக்கோயாவுல ஒரு ஆள எறக்கிட்டு வந்து, எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல ஸ்டேண்டுல நிப்பாட்டுறேன். எங்க மாடியில இருந்து ஒரு சத்தம். நிமுந்து பாத்தா குசும் அக்கா. தல விரிச்சுப் போட்டு, ரெண்டு கையையும் ஆட்டிக் கூப்புடுறாங்க. மணிக்காக சண்ட புடிக்கத்தான் கூப்புடுறாங்கன்னு நெனச்சு, பக்கத்து ஓட்டோக்காரன்கிட்ட கண்ணடிச்சுட்டு மெதுவாத்தாங்க ஏறினேன்.

அவங்க சிங்களத்துல சொன்னது இதுதான். "தம்பி, இன்னைக்கு அம்மா மணி அடிக்கல. தட்டினேன், தொறக்கல."

கதவு உள்ளுக்கு கொண்டி போட்டிருந்திச்சு. டவுன்ல பகல்லயும் பூட்டிக்கணும்னு நாந்தான் பழக்கி வச்சிருந்தேன். "ம்மா... ம்மா"ன்னு கத்துறேன். சத்தமே இல்ல.

எப்பவும் ஏதாவது சொல்ற வாயி. அன்னைக்கு சாமி கும்புடத்தான் தொறந்திச்சு. கதவுல நெத்திய வச்சுக்கிட்டு, "மாரியாத்தா தாயே, ஒன்னைய நான் வெளையாட்டாத்தான் கும்புட்டிருக்கேன். இன்னைக்கு வெளையாடல. எங்கம்மாவ குடுத்துரு"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் வந்திச்சு.

தோள குடுத்து இடிச்சேன். ஒரே இடியில கொண்டி பிச்சுக்கிட்டு வந்திருச்சு. அந்த கொண்டிய மாட்டினதும் நாந்தான். சரியான ஆணி இல்லாம, கெடந்த குட்டி ஆணிய போட்டு முறுக்கிட்டு விட்டிருந்தேன். ஒழுங்கா மாட்டுடா எருமன்னு அம்மா தெனமும் திட்டும். நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். அந்த ஆணிய அன்னைக்கு வரைக்கும் தாய்தான் மாத்த விடலன்னு நான் நம்புறேன். சிரிக்கிறவங்க சிரிங்க.

உள்ள அம்மா சுருண்டு கெடக்குது. ஈரத்தல. பக்கத்துல சாம்பிராணி சட்டி நெறைய தேங்கா செரட்டக் கரி, செவசெவன்னு தணல். ஜன்னலெல்லாம் இறுக்கி சாத்தி இருக்கு. நானும் குசும் அக்காவும் இழுத்து வெளிய போட்டோம். எங்க கைய வச்சாலும் அசையல. தூக்கி ஓட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு வுட்டேன். பின்னால அம்மா தலைய மடியில வச்சுக்கிட்டு அவங்க புத்தரக் கூப்புடுறாங்க, முன்னால நான் மாரியாத்தாள கூப்புடுறேன். ரோடு கண்ணுக்குத் தெரியல.

அங்க மூக்குல காத்து வச்சாங்க. கரி வாயு புடிச்சிருக்கு, பொகை இல்லாட்டியும் அது ஆள மயக்கிரும்னு டாக்டர் சொன்னாரு. பொறகு என்னைய தனியா கூப்புட்டு மெதுவா கேட்டாரு. "வீட்டுல ஏதும் பிரச்சினையா? அம்மா மனசு வெறுத்து ஏதாவது சொன்னாங்களா?"

எனக்கு அப்பத்தான் ஒறச்சிச்சு, அவரு என்ன கேக்குறாருன்னு. மொத நா சொன்னது அப்பிடியே காதுல கேக்குது. அந்த மண்ணே மூடியிருக்கலாம். செவுத்தோட ஒக்காந்துட்டேன். எங்கம்மா வேணும்னே செஞ்சிருக்குமா? நான் கூட்டிட்டு வந்த வீட்டுலயா? கதவுல நின்னு அம்மா உசுர கேட்டப்பகூட நான் அப்பிடி பயப்படல. ரெண்டாவது தடவ தாய்கிட்ட கேட்டேன். தாயே, அது மட்டும் இருக்கக் கூடாது.

ரொம்ப நேரம் கழிச்சு அம்மா கண்ண முழிச்சிச்சு. கூரைய பாத்திச்சு. என்னைய பாத்திச்சு. மூக்குல வச்சிருந்தத தள்ளிட்டு, மொதல்ல கேட்டது என்ன தெரியுமா?

"ஏண்டா, வெள்ளிக்கிழமடா. வெளக்கு வச்சியா?"

நான் அந்த வார்டுலயே கத்தி அழுதேங்க. சாகப் போன ஆளு வெளக்க கேக்குமா? தாய் எனக்கு பதில அம்மா வாயாலயே சொன்னா.

பொறகுதான் வெவரம் தெரிஞ்சிச்சு. சாம்பிராணிக்கு பால்கனியில செரட்ட எரிச்சு தணல் எடுத்திருக்கு. பொகை அடங்கிருச்சேன்னு சட்டிய உள்ள கொண்டு வந்து, ஜன்னல சாத்திட்டு, வெளக்கு வைக்க முந்தி கொஞ்சம் தலைய காய வைப்போம்னு ஒக்காந்திருக்கு. லயத்துல நம்ம பொம்பளைங்க எல்லாம் செய்றதுதான. அங்க தகரக் கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல கையே போகும், காத்து வரும். இங்க எங்க போகும்?

ஆஸ்பத்திரியில குசும் அக்காகிட்ட கேட்டேன், மணி ஒங்களுக்கு தொல்லையில்லையான்னு. அவங்க தனியா இருக்கிறவங்களாம். வாரத்துல ஒரு நா மேல ஆளுங்க இருக்காங்கன்னு அந்த சத்தம்தான் சொல்லும்னாங்க. பொறகு, படியில அம்மாதான மொகத்த திருப்பிக்கிட்டுப் போறாங்க, நான் எப்பிடி சிரிக்கிறதுன்னு கேட்டாங்க. அத நான் தமிழ்ல திருப்பி சொன்னதும் அம்மா மூஞ்சிய பாக்கணுமே. போர்வைய இழுத்து மூடிக்கிருச்சு.

இப்ப அம்மா ஆளே வேற. லயத்த விட்டு வந்த நமக்கு வேற எடத்துல வீடு தர்றதா பேச்சு வந்தப்ப, அம்மாவே வேணாம்னுருச்சு. கீழ் வீட்டுல அரட்ட அடிக்கிது. அம்மா பேசுற சிங்களத்த கேட்டா நான் படியில உருண்டு சிரிப்பேன், குசும் அக்கா பேசுற தமிழ கேட்டா அம்மா உருளுது. மழையோ குளுரோ, ஒரு ஜன்னல் தொறந்தே இருக்கும். கொண்டிக்கு நல்ல ஆணி வாங்கிட்டு வந்தேன். அம்மா மாட்ட விடல.

போன வெள்ளிக்கிழம குளிச்சுட்டு கீழ போயி பேச்சுல வெளக்க மறந்திருச்சு. மணி அடிக்கல. மொத மாடிக்காரரு பாதி சவரம் பண்ணுன மொகத்தோட மேல ஓடி வந்துட்டாரு. இன்னும் ரெண்டு வீட்டு ஆளுங்களும். எங்க கதவுல எல்லாரும் தட்டிக்கிட்டு நிக்க, அம்மா கீழ இருந்து டீக்கோப்பையோட ஏறி வந்து, "யாரு வீட்டுல என்ன?"ன்னு கேட்டிச்சு.

தாய்கிட்ட கேளுங்க. அழகா கேக்கத் தெரியலன்னாலும் கேளுங்க, எனக்கும் தெரியல. எந்த புது வீட்டுக்குப் போனாலும் ஒங்க மணிய எடுத்துட்டுப் போங்க. சாத்தி வச்ச வீட்டுல மட்டும் தணல் வைக்காதீங்க. வெள்ளிக்கிழம காலையில ஹட்டன் ஸ்டேண்டு பக்கம் வந்தா கொஞ்சம் காத குடுத்துப் பாருங்க. அந்த சத்தம் கேட்டதுக்குப் பொறகுதான் நான் மொத ஆள ஏத்துவேன்.