நிரை ஒன்று, மரம் பன்னிரண்டு

இரண்டு எண் பட்டியல்களில் ஒரே மாதிரி வரிகள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். கணினியோடு மல்லுக்கட்டிச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களுக்கு மட்டும்தான் நான் பட்ட பாடு புரியும்.

ஓடிக்கொண்டே இருந்தது

எங்கள் அலுவலகம் மலேசியாவில், சுங்கை பட்டாணியில். சிடாம் கிரி பக்கம் ஒரு தோட்டத்தில் அடித்தண்டு அழுகிய செம்பனைகளை, அதாவது எண்ணெய்ப் பனைகளை, கண்டுபிடிக்க வேண்டும். டிரோன் படத்திலிருந்து எடுத்த சந்தேக மரங்கள் ஒரு பட்டியல். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மேரி அக்கா நடந்தே பார்த்து எழுதியது இன்னொன்று. ஒவ்வொரு வரியிலும் மரம் நிற்கும் நிரையின் எண், அந்த நிரையில் மரத்தின் எண், அவ்வளவுதான். இரண்டு பட்டியலிலும் இருக்கும் மரத்தை மட்டும் இயந்திரத்தால் சாய்த்துத் தள்ளலாம்.

என் நிரல் முதல் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தூக்கிக்கொண்டு இரண்டாம் பட்டியல் முழுக்கக் கதவு தட்டியது. காலையில் தட்ட ஆரம்பித்தது மதியச் சாப்பாடு முடிந்தும் ஓயவில்லை. மறுநாள் மரம் தள்ளும் இயந்திரம் வருகிறது. முதலாளி ஜோசப் அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த அக்கா நடந்தே முடிச்சிட்டாங்க லா, தம்பி. உன் கம்ப்யூட்டர் இப்ப எத்தனாவது நிரைல நிக்கிது?"

ஒட்டு வேலை

பயத்தில் ஒரு யோசனை வந்தது. நிரை எண்ணையும் மர எண்ணையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரே எண்ணாக்கினேன். இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள எண்களை மட்டும் எடுக்கச் சொன்னேன். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. கடைசிச் சில வரிகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. இவ்வளவு சீக்கிரம் முடியலாமா என்று பக்கத்து மேசை ஃபாத்திமாவிடம் கேட்டேன்.

"முடியலன்னாலும் பயப்படுற, முடிஞ்சாலும் பயப்படுற. அனுப்பிட்டுப் போய் ஒரு தே தாரிக் டீ குடி."

அக்கா கூப்பிட்டார்

மறுநாள் காலை மேரி அக்காவிடமிருந்து அழைப்பு. எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார், கூப்பிடவே மாட்டார். நிரை ஒன்றில் பன்னிரண்டாவது மரத்தை நான் எழுதவே இல்லையே, அது எப்படித் தள்ளும் பட்டியலில் வந்தது என்று கேட்டார்.

அவர் பட்டியலைத் திறந்தேன். அதில் இருந்தது நிரை பதினொன்று, மரம் இரண்டு. ஒட்டினால் அதுவும் 112. டிரோன் சொன்ன நிரை ஒன்று, மரம் பன்னிரண்டும் 112. நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அவர் ஓட்டுநரிடம் ஓடுவது போனில் கேட்டது. இயந்திரச் சத்தம் நின்றது.

"நிறுத்திட்டேன் தம்பி. நான் வந்து சேர்றதுக்குள்ள மூணு மரம் போயிருச்சு."

உள்ளே பார்த்தோம்

நானும் ஜோசப் அண்ணனும் போய் நின்றோம். இரண்டு மரங்கள் உள்ளே கறுத்து அழுகியிருந்தன. மூன்றாவதுதான் என் 112. குலை தள்ளிய மரம், பழம் சிதறிக் கிடந்தது. அக்கா தண்டை வெட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தள்ளிய ஒவ்வொரு மரத்துக்கும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"உள்ள சுத்தமா இருக்கு தம்பி. என்ன வியாதின்னு நான் எழுதட்டும்?"

இப்போதெல்லாம் இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுத்தான் ஒட்டுகிறேன்; 1-12 வேறு, 11-2 வேறு. ஒரே ஒரு விசையைத் தட்டும் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள எனக்குக் காய்த்து நின்ற ஒரு மரம் தேவைப்பட்டது.