ஏரம்பர் போட்ட சிட்டிகை

உரும்பிராய் ஏரம்பர் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் பதினொரு ஆண்டுகள் தற்காலிகமாக வேலை செய்தார். தற்காலிகம் என்ற சொல்லை இவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை அந்தக் கல்லூரி நிர்வாகம்தான் கண்டுபிடித்தது. அதன் வேறு கண்டுபிடிப்புகள் பற்றித் தகவல் இல்லை. பள்ளிப் பரீட்சையில் ஏரம்பர் ஆறு பாடங்களில் சித்தியடைந்து இரசாயனத்தில் மட்டும் தவறியவர். விண்ணப்பத்தை வாசித்தவர்கள் அந்த வரியைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், போத்தல் கழுவுகிறவருக்கு அது தடையில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1992இல், போரினால் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வுகூடத்து மின்னுலை சீலையால் போர்த்தப்பட்டு, நோயாளியைப்போல ஒரு மூலையில் கிடந்தது. பெற்றோலும் இல்லை. மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முன்னால் போனவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னால் போனவர் இருமிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அந்தப் புகையை ஒழிக்கப் புறப்பட்டவர் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கரான கலாநிதி கனிசியஸ். இங்கிலாந்தில் படித்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில் உள்ளே வந்தவர். இதற்காக அவரைப் பாராட்டியவர்களைவிட, அங்கே அவருக்கு என்ன பிரச்சினை என்று விசாரித்தவர்களே அதிகம்.

அவருடைய திட்டம் இதுதான். செப்பு ஒட்சைட்டை அலுமினா என்ற வெள்ளைப் பொடியின்மேல் மிகமிகச் சிறிய துணிக்கைகளாகப் படியவைக்க வேண்டும். ஒரு மீற்றரை நூறு கோடி பங்காக்கினால் வரும் அளவைக்கொண்டு அளக்கவேண்டிய துணிக்கைகள் அவை. புகைபோகும் குழாய்க்குள் அந்தப் பொடியை வைத்தால் அது ஊக்கியாக நின்று புகைக்கரியை எரித்துவிடும். அலுமினா ஒரு வேலையும் செய்யாது; தாங்கிக்கொண்டிருக்கும். துணிக்கைகள் தனித்தனியே விலகியிருக்கும்வரைதான் வேலை நடக்கும். சூடு மிஞ்சினால் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். பருத்தபின் எதற்கும் உதவாது. எங்கள் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

செய்முறையைக் கனிசியஸ் சொன்னார். வழியை ஏரம்பர் கண்டார். எரிந்துபோன நீரிறைக்கும் மோட்டரின் செப்புக்கம்பியை அமிலத்தில் கரைத்தார். அந்த நீலக் கரைசலில் அலுமினாவை ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, களிமண் பூசிய எண்ணெய்ப் பீப்பாயில் சிரட்டைக்கரி மூட்டிச் சுட்டார். சூட்டை அளக்கக் கருவி இல்லை. பழைய ரோச்லைற் பற்றரியின் துத்தநாகத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி உலையின் ஓரத்தில் வைப்பார். நாகம் உருகினால் நானூற்றிருபது பாகை. அது தளர்ந்து வளையத் தொடங்கும்போதே கரியை வெளியே இழுத்துவிடுவார்.

பொடியைச் சோதிப்பது எளிது. அதைக் குழாயில் நிரப்பிச் சூடாக்கி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையை அதற்குள் விட்டு, மறுமுனையில் வெள்ளைத்துணி கட்டினார்கள். ஏரம்பர் செய்த பொடியென்றால் துணி வெள்ளையாகவே இருந்தது. அதே கரைசலில், அதே உலையில் கனிசியஸ் செய்த பொடியென்றால் நாலு நிமிடத்தில் கறுத்தது. பட்டம் பெற்ற கை ஏழு தடவை தோற்றது.

அந்த நேரம் பார்த்து, மின்சாரம் இல்லாத கூடத்துக்குத் தற்காலிக ஊழியர் எதற்கு என்ற கேள்வி நிர்வாகத்துக்கு எழுந்தது. மாத முடிவில் ஏரம்பரை நிறுத்துவதா, நிரந்தரமாக்குவதா என்று தீர்மானிக்க மூவர் கொண்ட குழு அமைத்தார்கள். தலைவர் பேராசிரியர் சண்முகநாதன். இரசாயனத்திலும் கோயில் நிர்வாகத்திலும் ஒரே குரலில் பேசுகிறவர். இந்த ஊக்கியை ஏரம்பரால் மட்டுமே செய்யமுடியும், ஆகவே அவரை வைத்திருக்க வேண்டும் என்று கனிசியஸ் எழுதிக்கொடுத்தார். ஒருவரால் மட்டும் செய்யமுடிவது விஞ்ஞானமல்ல, கைராசி என்றார் சண்முகநாதன். எல்லோரும் செய்யும்படி முறையை எழுதிக்கொடுத்தால் அது விஞ்ஞானம். ஆனால் அப்போது ஏரம்பர் எதற்கு? இந்த வாதத்தில் ஓட்டை இருக்கவில்லை. மனிதர் ஒருவர் வெளியே போகும் வழி மட்டும் இருந்தது.

கனிசியஸ் ஒரு நாள் முழுவதும் ஏரம்பருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஏரம்பர் அலுமினாவை நிறுத்துக் கிண்ணத்தில் கொட்டினார். கரைசலை ஊற்றுமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துத் திறந்து, நெற்றியில் பூசிக்கொண்டு, மூன்று விரலில் மிஞ்சியதைக் கிண்ணத்தில் தூவினார். வெள்ளையோடு வெள்ளை சேர்ந்து ஒன்றும் தெரியவில்லை.

“ஏரம்பண்ணை, உதென்ன போட்டனீங்கள்?”

“திருநூறு, சேர்.”

“ஒவ்வொரு முறையும் போடுறனீங்களோ?”

“ஓம். உலை வைக்கிற விசயமெல்லோ.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. அதோடை, நீங்கள் வேதக்காரர். உங்கடை பொடியிலை போடச்சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது?”

கனிசியஸ் அன்றே மூன்று கிண்ணம் வைத்தார். ஒன்று வெறும் பொடி, ஒன்றில் திருநீறு, மூன்றாவதில் ஏரம்பரின் மனைவி செல்வநாயகியின் அடுப்பிலிருந்து கேட்டு வாங்கிவந்த விறகுச் சாம்பல். முதற் பொடியில் துணி கறுத்தது. மற்ற இரண்டிலும் கறுக்கவில்லை. அடுப்புச் சாம்பல் போட்டது இன்னும் குறைந்த சூட்டிலேயே வேலை தொடங்கியது. சாம்பலில் உள்ள பொற்றாசியம் செப்புக்குத் துணைநிற்கிறது என்று கனிசியஸ் விளக்கினார். ஏரம்பர் தலையாட்டிக் கேட்டார். திருநீறு இரண்டாவதாக வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். இரண்டும் சாம்பல்தானே என்று மட்டும் சொன்னார்.

குழு கூடியபோது சண்முகநாதனின் காதுக்குக் கதையின் பாதி முன்னரே போயிருந்தது. அவருக்குப் பிடித்த பாதி. ஏழு தடவை தோற்ற மேல்நாட்டுப் படிப்பு, ஒரு சிட்டிகை திருநீற்றில் வென்றது என்பதை அவர் மற்ற இருவருக்கும் நெஞ்சுருகச் சொன்னார். ஒரு சிறு நூல் அச்சிடலாம் என்றார். கொடியேற்றத்தன்று கோயிலில் பேசலாம் என்றார். இப்படிப்பட்ட அடியவரை மாத முடிவில் வீட்டுக்கு அனுப்புவதா என்று, சென்ற வாரம் அனுப்பச்சொன்னவர் தாமல்ல என்பதுபோலக் கேட்டார். விஞ்ஞானமா கைராசியா என்ற பழைய கேள்வியை அவர் மறந்துவிட்டார். விளக்கம் சொல்லக் கூப்பிடப்பட்டிருந்த கனிசியஸ் அதைத் திருத்தப் போகவில்லை. பொற்றாசியம் என்றால் வேதக்காரனுக்குப் பொறாமை என்பார்கள். அதைவிட, அந்தக் கதையால் ஏரம்பரின் வேலை தப்பிவிடும்போல இருந்தது.

நிரந்தர நியமனத்துக்கான படிவம் மேசையில் இருந்தது. கையெழுத்து வைப்பதற்குமுன், சபைக் குறிப்பில் அழகாக இருக்கட்டும் என்று சண்முகநாதன் ஏரம்பரை உள்ளே கூப்பிட்டார்.

“சொல்லும் ஏரம்பர். உந்தத் திருநீறு இல்லாமல் உது வேலை செய்யுமோ?”

இல்லை என்ற ஒரு சொல் போதும். பதினொரு ஆண்டுத் தற்காலிகம் முடிந்துவிடும். ஏரம்பர் கனிசியஸைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செய்யும், ஐயா. அடுப்புச் சாம்பல் போட்டா இன்னும் கொஞ்சம் நல்லாய்ச் செய்யுது.”

“அப்ப ஆரும் செய்யலாமோ?”

“ஓம் ஐயா. சாம்பல் போட்டா ஆரும் செய்யலாம்.”

சண்முகநாதன் பேனையை மூடினார். அவருக்குக் கோபம் வந்தது அடுப்புமேல்தான். ஆனால் அடுப்பு அந்தக் கல்லூரியின் ஊழியர் அல்ல. முறை தெளிவாகிவிட்டதால் விசேட ஊழியர் தேவையில்லை என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஏரம்பரைத் துறவி என்றோ மேதை என்றோ சொல்வதற்கில்லை. அந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கக்கூடிய மனிதர்தான். ஆய்வுகூடத்து ஸ்பிரிட் குறைந்தபோது ஆவியாகிவிட்டது என்று சொன்னவர். வெளியே வந்ததும் கனிசியஸ் அதைத்தான் கேட்டார்: ஒரு சொல்தானே, சொல்லியிருக்கக்கூடாதா?

“சொல்லியிருக்கலாம், சேர்” என்றார் ஏரம்பர். “ஸ்பிரிட் எண்டா சொல்லியிருப்பன். இது திருநூறெல்லோ. அதைச் சாட்டிப் பொய் சொல்லிப்போட்டு விடிய எப்பிடிப் பூசுறது?”

கனிசியஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூட வந்தார்.

ஏரம்பர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் செல்வநாயகியிடம் ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் கறிக்கு வெட்டிக்கொண்டிருந்த அரிவாளைச் சரித்து வைத்துவிட்டு, பேராசிரியருக்கு முன்னால் தன் அடுப்புச் சாம்பல்தான் திருநீற்றைவிடத் திறமென்று சொன்னது உண்மையோ என்று இரண்டுதரம் கேட்டாள். உண்மை என்றார். வேலிக்கு அப்பால் நின்ற அடுத்த வீட்டுப் பத்மாவதியைக் கூப்பிட்டு முதலில் அதைச் சொல்லி முடித்தாள். அதன்பிறகுதான் வந்து, வேலைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.