பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இடது பக்கம்

காஸ் லாரியை வீட்டுக்கு வீடு அனுப்பும் தொழிலில் ஓட்டுகிறவர் நாளுக்கு ஒரு முறை வழி தவறினால், போனில் வழி சொல்கிற நாங்கள் பத்து முறை தவறுவோம். ஹெட்செட் மாட்டிப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்திருப்பது ஆக்லாந்து நகர மையத்தில், ஒரு கட்டடத்தின் நான்காம் மாடி. என் லாரிகள் ஓடுவது அமெரிக்காவின் நட்டநடுவில், சோளத்தையும் பன்றியையும் விட்டால் வேறு பிழைப்பில்லாத ஒரு கிராமத்து மாவட்டத்தில். பெயரைச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே குழாயில் காஸ் வராது. வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு பெரிய டாங்க் படுத்திருக்கும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் லாரி அனுப்பி அதை நிரப்பும். அங்கே மத்தியானம் என்றால் இங்கே மறுநாள் காலை. அதனால் அவர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் போன் எடுக்கிற வேலையை மூன்று மாதச் சோதனையாக எங்களிடம் தந்தார்கள். தேறாவிட்டால் வேலை போகும், வேலையோடு கட்டிய என் விசாவும் போகும். நாமக்கல்லுக்குத் திரும்பி வீட்டில் என்ன சொல்வது?

எங்கள் சூப்பர்வைசர் எட்வின் அண்ணா மன்னார்க்காரர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அமெரிக்காவை நீரும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. ஆனா பாத்த மாதிரிக் கதைக்க வேணும்."

இப்போ அங்கே சோளம்

முதல் வாரம் மார்லீன் என்ற பெண் விவசாயி காஸ் கேட்டார். வழி கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பணும்" என்றார். என் கணினி வரைபடத்தில் பள்ளிக்கூடமே இல்லை. படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் எப்போதோ இடித்துவிட்டார்களாம். சரி, வேறு அடையாளம்? தேவாலயம். அதுவும் போய்விட்டது. தபாலாபீஸ்? அதற்கும் அதே கதி. பள்ளிக்கூடத்துக் கைப்பம்பு மட்டும் இன்னும் நிற்கிறதாம். அதன் பின்னாலிருந்து, முன்பு பால் டாங்கர் போய்வந்த மண்பாதை ஒன்று ஓடையைத் தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குப் போகிறதாம்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருந்தாலும் ஒரு நோட்டு வாங்கி, இல்லாத பள்ளிக்கூடம், இல்லாத தேவாலயம், இருக்கிற பம்பு என்று எல்லாவற்றையும் படம் போட்டு வைத்தேன். அடுத்து வந்த அத்தனை பேரும் அதே மாதிரிதான் வழி சொன்னார்கள். "இவ்வளவும் எங்கேதான் போச்சு?" என்று மார்லீனிடம் ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"ஆளுங்க போனாங்க, அதுங்களும் கூடவே போச்சு. இப்போ அங்கே சோளம்."

ஆக்லாந்து மழை

அறுவடையில் ஈரச் சோளத்தைக் காயவைக்கும் எந்திரத்துக்கும் காஸ்தான். அந்தச் சமயத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு விவசாயி லாரி எப்போது வரும் என்று கேட்டுவிட்டு, "அங்கே மழையா?" என்றார். ஜன்னலைப் பார்த்தேன். நம்முடைய ஆக்லாந்து மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. "ஊத்துது சார்" என்றேன். நான் அவர்கள் ஊர் சங்க ஆபீசில், பத்து மைலில் உட்கார்ந்திருப்பதாக அவர் நினைத்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

மனிதர் வீட்டிலிருந்த அத்தனை பேரையும் விரட்டி, களத்திலிருந்த சோளம் முழுவதையும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன் வந்தது. வானம் பளிச்சென்று இருக்கிறதாம். உண்மையைச் சொல்லிவிட்டு, புகார் எழுதப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.  காதில் விழுந்தது பெரிதாக ஒரு சிரிப்பு.

"போகட்டும்மா. என் மச்சான் வேலை செஞ்சு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

வடக்கில் வெயில்

எல்லாரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போவார்களா? பனிக்காலம் தொடங்கியதும் டேல் என்ற ஓட்டுநர் ஒரு பண்ணை வாசலிலிருந்து கேட்டார், "கொட்டகைக்கு வடக்கேயும் தெற்கேயும் வழி இருக்கு. எதுல பனி கம்மியா இருக்கும்?" ஆக்லாந்தில் வாடகைக்கு வீடு தேடிய எவருக்கும் தெரியும், வடக்குப் பார்த்த வீடென்றால் வெயில், வாடகையும் கூடுதல். நான் யோசிக்கவே இல்லை. "வடக்குப் பக்கம் போங்க, வெயில் பட்டுக் கரைஞ்சிருக்கும்" என்றேன்.

லாரி வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. டிராக்டர் வந்து இழுக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் சங்கத்து மேலாளர் சும்மா இருக்கவில்லை. இன்னொரு தப்பு நடந்தால் சோதனை அன்றோடு முடியும் என்று எழுதிவிட்டார். எட்வின் அண்ணா அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த போனை எடுக்கப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கேட்டது டேல்தான்.

"தாயே, எங்க ஊர்ல சூரியன் தெற்குப் பக்கம்தான் நிக்கும். உங்க ஊர்ல அதை யார் மாத்தி வெச்சது?"

பாலம் மூடிய நாள்

சோதனை முடியப் பத்து நாள் இருந்தது. இங்கே கோடைக் காலை பத்து மணி, மின்விசிறி ஓடுகிறது. அங்கே முந்தின நாள் பிற்பகல், இரவெல்லாம் பனி கொட்டி அப்போதுதான் விட்டிருந்தது. லாயிட் என்ற பன்றிப் பண்ணைக்காரர் போனில் ஏறக்குறைய அழுதார். பன்றிகள் குட்டி போட்டிருந்த கொட்டகையைச் சூடாக்கும் காஸ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இருட்டுவதற்குள் லாரி வராவிட்டால் ஒரு குட்டியும் பிழைக்காது. டேல் லாரியோடு பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் நடுவிலிருந்த பாலத்தைப் பனிக்காக மூடிவிட்டார்கள். சுற்றுவழி மூன்று மணி நேரம், லாரியைத் திருப்பு என்றது கணினி. மேலாளர் போனை எடுக்கவில்லை.

திருப்பினால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அனுப்பி லாரி மாட்டிக்கொண்டால் என் கதை முடிந்தது. நோட்டைப் புரட்டினேன். கைப்பம்பு, பின்னால் பால் டாங்கர் பாதை, ஓடைமேல் சின்னப் பாலம், அதைத் தாண்டினால் மார்லீன் சொன்ன பக்கத்துப் பண்ணை, அதாவது லாயிடின் பின்வாசல். மார்லீனைக் கூப்பிட்டு, அந்தப் பாலம் லாரியைத் தாங்குமா என்று கேட்டேன். அறுவடைக்கு அதன் மேல்தான் பாரவண்டி ஓட்டினேன் என்றவர், தம்பியை டிராக்டரோடு பனியைத் தள்ள அனுப்பினார். கைப்பம்புக்குப் பக்கத்தில் நின்று டேல் கேட்டார், வழியிலிருந்த மரவரிசைக்கு எந்தப் பக்கம் போவது என்று. "தெற்கு. வடக்குப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க" என்றேன்.

பிறகு காத்திருந்தோம். எட்வின் அண்ணா என் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நின்றார். அங்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். கடைசியில் டேலின் குரல் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எட்வின் அண்ணா மேசையை ஓங்கித் தட்டினார்.

"சோளக்காட்டைத் தாண்டி வந்துட்டேன். பன்னி கத்துறது கேக்குது பாருங்க."

சங்கத்திலிருந்து போன்

மூன்று மாதம் முடிந்த அன்று மேலாளரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம். குட்டிகள் எல்லாம் பிழைத்துவிட்டன என்று லாயிட் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாராம். மார்லீனும், மச்சானை வேலை வாங்கிய அந்தச் சோளக்காரரும் எங்களுக்காகக் கை தூக்கினார்களாம். இரண்டு வருட ஒப்பந்தம், இனிமேல் அவர்களின் காலை நேரப் போன்களும் எங்களுக்கே.

"எங்கட பிள்ளை" என்றார் எட்வின் அண்ணா, தமிழிலேயே, அமெரிக்காவுக்குக் கேட்கும்படி. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, சத்தமாகச் சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம். மேலாளர் ஒரு உதவி கேட்டார். திங்கட்கிழமை புது ஓட்டுநர் சேர்கிறார், அவருக்கு அந்த நோட்டை வைத்து வழிகளைச் சொல்லித்தர வேண்டும். எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன்.

"இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனா வழி உன்கிட்டதான் கேக்கணும்."

அந்த வெற்றியைக் கொண்டாட எட்வின் அண்ணா இதே ஆக்லாந்தில், வெஸ்ட்கேட்டிலிருக்கும் தன் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட, நான் தப்பான பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன்.