அகலத் திரையில் அம்மா

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அகலத் திரைத் தொலைக்காட்சி முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். செம்பனைக் குலைகளை மில்லுக்கு இழுத்துப் போகும் வேலை. தனக்கு ஒரு சட்டை எடுப்பதற்கே பல நாள் யோசிக்கிற மனிதர், ஒரு தீபாவளிக்கு முன்னால் கோலசிலாங்கூரிலிருந்து லோரியில் அந்தப் பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஏன், எதற்கு என்று லயமே கேட்டது. "பள்ளி லீவுல புள்ளைக்குப் பொழுது போவணும்ல" என்று மட்டும் சொன்னார். புள்ளை என்பது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

தொலைக்காட்சி வந்துவிட்டதே தவிர, அதில் பார்ப்பதற்குச் செய்தியை விட்டால் அதிகம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் சித்தப்பா. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயந்தரம் மோட்டார் சைக்கிளில் வருவார். முதுகுப் பையில் ஒரு மடிக்கணினி இருக்கும். அதற்குள் படங்கள் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைப்பது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சித்தப்பா புது வயரைக் கையில் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்து மறைந்துபோனார். முன்னால் நின்று சேதி சொல்வது என் வேலை.

"வந்துருச்சா?"

"நீலமா இருக்கு சித்தப்பா."

"இப்ப?"

"இப்பவும் நீலம்தான்."

பக்கத்து வீட்டு ஆண்ட்டி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, சாமி கும்பிடாமல் ஆரம்பித்தால் எப்படி வரும் என்று கேட்டார். சித்தப்பா அதையும் செய்து பார்த்தார். கடைசியில் ரிமோட்டில் எதையோ அமுக்கியதும் படம் வந்தது. சத்தம் மட்டும் திரைக்கு வராமல் மடிக்கணினியிலேயே கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு வழியாக இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தபோது, சித்தப்பாவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்கள் வீட்டில் படம். ஜன்னலில் கைலியைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பாயில் நெருக்கியடித்து உட்காருவோம். அப்பா மட்டும் இருக்க மாட்டார். தூண்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவார். வாங்கிக் கொடுத்தவரே பார்க்காத தொலைக்காட்சி என்று ஆண்ட்டி கேலி செய்வார். கூட்டம் அப்பாவுக்குப் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அம்மா, எனக்கு இரண்டு வயது நடக்கும்போது டெங்கிக் காய்ச்சலில் இறந்துவிட்டார். எனக்கு அவரைப் பற்றி எதுவும் நினைவில் இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. ஓரத்தில் அப்பாவின் தோள் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னம் ஒடுங்கி, கழுத்தெலும்பு தெரிய, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். தினமும் பள்ளிக்குப் போகும்போது அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவேன். ஆனால் அவரிடம் எனக்கு ஒட்டவில்லை. கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற வாத்தியாரைப் போல இருந்தார்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா நல்ல பருமன். பஸ்ஸில் தோழி அவர் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். நான் எதிர் இருக்கையில் உட்கார்ந்து அந்த மடியையே பார்த்துக்கொண்டு வருவேன். பிறகு வீட்டுக்கு வந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற அந்தப் பெண் எப்படி நடந்திருப்பார், எப்படிச் சிரித்திருப்பார் என்று யோசிப்பேன். யோசனை கழுத்தெலும்புக்குக் கீழே போகாது. படம் அங்கேயே முடிந்திருந்தது.

ஒருமுறை, சுங்கை பெசாரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை வந்திருந்தபோது கேட்டேன். "அம்மா எப்படி நடப்பாங்க அத்தை?"

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எல்லாரும் மாதிரிதான் நடப்பாங்க" என்றார். பிறகு கீரையை அப்படியே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்த தடவை அத்தை வந்தபோது கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் பையும், அதற்குள் ஒரு துணியும், துணிக்குள் இரண்டு வட்டுகளும் இருந்தன. அப்பா அம்மாவின் கல்யாண வீடியோ. அம்மா போன பிறகு அப்பா அதைத் தங்கையின் கையில் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாராம். அத்தை வீட்டிலும் யாரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

அன்று ஞாயிறு. அப்பா தூண்டிலோடு கிளம்பும் வரை எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருந்தோம். மோட்டார் சத்தம் மறைந்ததும் சித்தப்பா கதவைச் சாத்தினார். வயர் கெட்டுப்போய்விட்டது, இன்றைக்குப் படம் இல்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். ஆண்ட்டி மட்டும் நம்பாத முகத்தோடு போனார்.

வட்டு மடிக்கணினிக்குள் போனது. கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு திரையில் ஒரு பெரிய ரோஜாப்பூ விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு போலப் பக்கவாட்டில் அகன்ற ரோஜா. அதன் நடுவில் ஒரு முகம் வந்தது.

அம்மா. ஆனால் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த அம்மா இல்லை. இவருக்குக் கன்னங்கள் இருந்தன. உருண்டையான, கிள்ளலாம் போன்ற கன்னங்கள். தோள் அகலமாக இருந்தது. பட்டுச்சேலைக்குள் இடுப்பு நிறைந்திருந்தது. இந்த மடியில் சாய்ந்தால் தலை நழுவி விழாது.

"ஐயோ, நான் எப்படா இவ்வளவு குண்டா இருந்தேன்!" என்று அத்தை கத்தினார். மணப்பெண்ணுக்குப் பின்னால் பூத்தட்டோடு நின்ற அவரும் திரையில் பரந்து கிடந்தார். உண்மையைச் சொன்னால், என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அத்தைக்கும் திரையில் இருந்தவருக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை. எட்டு வயதிலேயே அதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அது அப்ப எடுத்தது, அக்கா. அப்பத்த டிவி சதுரம். இது நீட்டு. அதான் இழுத்துக் காட்டுது" என்றார் சித்தப்பா.

எனக்கு அது காதில் விழவில்லை. அம்மா நடந்துகொண்டிருந்தார். தலையைக் குனிந்து, சேலை மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மணவறையைச் சுற்றி. காலை மெல்ல ஊன்றி ஊன்றி வைத்தார். நான் திரைக்கு அருகே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் அத்தை என் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டதை நாங்கள் கவனிக்கவில்லை. மோட்டார் வந்து நின்ற சத்தமும் கேட்கவில்லை. கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தபோதுதான் திரும்பிப் பார்த்தோம். அப்பா முழுக்க நனைந்து, ஒரு கையில் தூண்டிலோடு நின்றிருந்தார். திரையில் அவரே, மெல்லிய மீசையோடு, தாலியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா எழுந்து ஓடி மடிக்கணினியை மூடப் போனார். அத்தை எழுந்து நின்றார். "புள்ள கேட்டுச்சுண்ணே... அதான்..." என்று முடிக்காமல் நிறுத்தினார்.

அப்பா தூண்டிலைச் சுவரோரம் சாய்த்தார். "இருக்கட்டும்" என்றார். ஈரத்தோடு வாசல்படியை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அந்தத் தொலைக்காட்சியின் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சித்தப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்த காரியத்துக்கு ஈடாக எதையாவது நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ரிமோட்டை எடுத்தார். "அண்ணே, படம் இழுத்துக்கிட்டு நிக்குது. அண்ணி இப்படியா இருந்தாங்க? இரு, சரி பண்ணித் தரேன்."

எதை அமுக்கினாரோ, திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாகிப்போனது. நடுவில் கல்யாணம் ஒடுங்கி நின்றது. அம்மாவின் கன்னம் வற்றியது. கழுத்தெலும்பு வெளியே வந்தது. சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் வந்து நின்றார்.

நான் அலறிவிட்டேன். என் அம்மாவைக் கொடுங்கள் என்று அழுதேன். இது வேற ஆள் என்றேன். அத்தை என்னை இழுத்து அணைத்தார். "அதே அம்மாதான்டி, சித்தப்பா சரி பண்ணியிருக்காங்க" என்று ஏதோ சொன்னார். நான் திமிறிக்கொண்டு கத்தினேன்.

"மாத்தாத" என்றார் அப்பா.

"இல்லண்ணே, இதுதான் சரியான..."

"தெரியும்லா. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே வையி."

சித்தப்பா மறுபடியும் அமுக்கினார். அம்மா அகன்று, கன்னமும் தோளுமாகத் திரை முழுக்க வந்து நிறைந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அழுதால் அப்பா என் பக்கம்தான் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய வெற்றி. அவர் ஈரச் சட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்ப்பா?"

"நீ இன்னும் வரலம்மா."

இத்தனை பேரைக் கூப்பிட்ட கல்யாணத்தில் என்னை விட்டுவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அத்தை தேநீர் கலக்க அடுப்படிக்குப் போனார். சித்தப்பா பின்னாலேயே போனார். பிஸ்கட் வாங்க நானும் போனேன். சித்தப்பா மனத்தாங்கலாகப் பேசிக்கொண்டிருந்தார். "நல்லாத்தானேக்கா சரி பண்ணிக் கொடுத்தேன். அண்ணிய இப்படி உப்பிப்போயி பார்க்க அண்ணனுக்கு என்னக்கா ஆச?"

அத்தை கரண்டியை நிறுத்தாமல் கலக்கினார். "கல்யாணத்தப்ப அண்ணி எப்படி இருந்தாங்கன்னு அண்ணனுக்கு எங்கடா தெரியும்? பொண்ணு பார்க்கப் போனப்ப ஒருதரம் பார்த்தாரு. தாலி கட்டறப்பவும் நிமிந்து பார்க்கல. இவ பொறந்த பொறவுதான் அண்ணி நல்லா ஒடம்பு போட்டாங்க. கன்னம் கின்னமெல்லாம் இப்படியேதான் இருந்துச்சு. அண்ணன் குடும்பம் நடத்துனது அந்த அண்ணியோடதான். அந்த மொகத்த யாரு போட்டோ புடிச்சு வச்சா?"

எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். என்னால்தான் அம்மா குண்டானார். மறுநாள் பள்ளியில் தோழியிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன்.

இப்போது நான் புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறேன். தோட்டத்தில் எங்கள் லயம் இல்லை, அப்பாவும் இல்லை. வட்டில் இருந்ததைச் சித்தப்பா பிறகு எனக்குக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். என் வீட்டுத் தொலைக்காட்சி புத்திசாலி. எந்தக் காலத்துப் படத்தைக் கொடுத்தாலும் அளவை அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. வயர்கூடத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, நடுவில் அந்த மெலிந்த கல்யாணப் பெண்ணைத் துல்லியமாகக் காட்டுகிறது. என்னைவிட வயதில் சின்னவர். அகலமாக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கிப் பார்த்திருக்கிறேன். கன்னங்கள் வருகின்றன. ஆனால் அதைப் பார்த்து, ஆமாம், இப்படித்தான் இருந்தாள் என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்று தேநீரோடு நாங்கள் திரும்பி வந்தபோது, திரையில் பால் பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா வாழைப்பழத்தைப் பெரிய துண்டாக அம்மாவின் வாயில் திணித்துவிட்டார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீடியோ முழுவதிலும் அவர் சிரித்தது அந்த ஓரிடத்தில்தான்.

"தம்பி, இங்க கொஞ்சம் நிறுத்து" என்றார் அப்பா.

சித்தப்பா நிறுத்தினார். சிரிப்பு பாதியில் நின்றது. புடைத்த கன்னமும் இடுங்கிய கண்ணுமாக அம்மாவின் முகம் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்தார். தேநீர் அவர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா நிறுத்தச் சொன்னது பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த என் காதில் ஏறவில்லை. சண்டைக் காட்சி வரும் நேரம் பார்த்து அந்த மடிக்கணினி அடிக்கடி இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். எனக்குப் பொறுக்கவில்லை.

"படம் நின்னுருச்சு சித்தப்பா, ஓட விடுங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார்.

"ம். ஓட விடு. புள்ள கேக்குதுல்ல."

படம் ஓடியது. அம்மா திரும்பிக்கொண்டார். குறுக்கே வந்து நின்ற பெரியம்மாவின் முதுகு அவரை முழுதாக மறைத்துவிட்டது. அப்பா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.